விழுங்க முடிந்தவள்

அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர். அதில் தடையில்லாமல் விழுங்க முடிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அவள் ஒளிந்து சாப்பிட்டாள்.

காலையில் சோற்றையும் காய்கறியையும் மிக்ஸியில் போட்டு, பசை மாதிரி ஆகும்வரை ஓடவிட்டு, வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து இரண்டு டம்ளரில் இறக்குவாள். ஒன்று கணவருக்கு, ஒன்று மகளுக்கு. வடிகட்டியில் தங்கிய சக்கையைச் சுவரைப் பார்த்து நின்றபடி தன் வாயில் போட்டுக்கொள்வாள். அரைவயிறு, கால்வயிறுகூட அதில் நிறையாது. வெயில் ஏறியதும் நூல் வாங்கி வருகிறேன், பட்டன் வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். தெருமுனை டீக்கடைக்குப் பின்னால் காலி சோடாப் பெட்டிகள் அடுக்கிய சந்து ஒன்று உண்டு. அங்கே நின்று ஒரு பன்னும் அவித்த முட்டையும் தின்பாள். டீக்கடைக்காரர் ஏன் என்று கேட்டதில்லை. சந்துப் பக்கத்து ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டிவிடுவார். தின்று முடித்து வாய் கொப்பளித்து, முந்தானையால் துடைத்து, ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டு வீடு திரும்புவாள். குடித்துவிட்டு வருகிற ஆம்பளை செய்கிற வேலையெல்லாம் அவள் ஒரு பன்னுக்காகச் செய்தாள்.

தெருவில் அவளுக்குக் குஷன்கடையக்கா என்று பெயர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு திரை. கடையின் ஒரு சுவரோரம் ரெக்சின் சுருள்கள் ஆளுயரத்துக்கு நின்றன. மறு சுவரோரம் ஃபோம் அட்டைகள் கூரையை முட்டின. மிச்ச இடத்தில் கிழிந்த பஸ் சீட்டுகளும் குடல் சரிந்த சோபாக்களும். கணவர் பழைய துணியை உரித்து, ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, சாக்கு விரித்து, நார் பரப்பி, அதன்மேல் ஃபோமை வெட்டி ஒட்டுவார். மகள் மெஷினில் மேலுறை தைப்பாள். ஓரத்தில் கயிறு வைத்து அவள் தைக்கிற மடிப்பு அடிக்கோல் வைத்த மாதிரி ஓடும். மழைக்காலத்தில் கதவைச் சாத்தினால் ஒட்டுகிற சொல்யூஷன் வாடையில் கண் எரியும். திறந்து வைத்தால் ஈரக்காற்றில் ரெக்சின் வேர்த்து ஒட்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நோய் முதலில் வந்தது அவருக்குத்தான். குஷன் வேலைக்காரர்கள் குட்டி ஆணிகளை ஒரு பிடி வாயில் அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளித் தள்ளி அடிப்பார்கள். கை இரண்டும் துணியை இழுத்துப் பிடிக்க வேண்டுமே. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம் சாப்பாட்டில் உட்கார்ந்தவர், இரண்டாவது கவளத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, என்னாச்சு?"

"நிக்குது."

"என்ன நிக்குது?"

"சோறுதான். நெஞ்சுல வந்து நிக்குது. கீழ எறங்க மாட்டேங்குது."

ஆணியை விழுங்கிவிட்டார் என்று தெருவே முடிவு கட்டியது. இரண்டு இடத்தில் படம் எடுத்தார்கள். ஆணி இல்லை. ஆணி இல்லை என்று சந்தோஷப்படுங்கள் என்று அனுப்பி வைத்தார்கள். அவரும் கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டுப் பார்த்தார். சோறு நிற்பது நிற்கவில்லை. வாயு என்றார் ஒருவர், அல்சர் என்றார் இன்னொருவர். மாத்திரை மாறியதே தவிர நெஞ்சு மாறவில்லை. படுத்தால் தின்றது அப்படியே மேலே வந்து புரையேறும் என்பதால், ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப எடுத்துப் போகாத ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினார்.

பிறகு மகளுக்கு வந்தது. அவளை வீட்டில் பாப்பா என்பார்கள், வயது இருபத்தாறு. முதலில் ரொட்டி நின்றது, பிறகு சோறு, பிறகு தண்ணீர்கூட. இரண்டு வாய்க்கு ஒருமுறை எழுந்து நின்று, முதுகை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, தண்ணீரை ஊற்றி அழுத்த வேண்டியிருந்தது. அப்பனைப் பார்த்து மகளும் நடிக்கிறாள் என்றார்கள். கணவரின் அக்கா, பக்கத்துத் தெருவில் இருப்பவள், ஒருநாள் வந்து மெஷினுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"பாப்பா, அத்தைகிட்ட மறைக்காம சொல்லு. மனசுல யாரயாச்சும் வெச்சிருக்கியா?"

"மனசுல யாரும் இல்ல அத்த. நெஞ்சுலதான் காலைல குடிச்ச கஞ்சி இருக்கு."

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வெள்ளையாக ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, அது இறங்குவதைத் திரையில் பார்த்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு அழுத்தம் பார்த்தார்கள். அறுவை செய்கிற டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மேலே சுரைக்காய் மாதிரி பருத்துக்கிடந்த குழாய், அடியில் கிளி மூக்கு மாதிரி கூம்பியிருந்தது. இரண்டு படமும் ஒரே மாதிரி.

"வயித்துக்குள்ள போற எடத்துல ஒரு தசை இருக்கு. நாம முழுங்கும்போது அது தானா தெறந்து வழி விடணும். இவங்க ரெண்டு பேருக்கும் அது தெறக்க மாட்டேங்குது. இது நடிப்பும் இல்ல, மனசும் இல்ல. வயித்துல சின்னச் சின்னதா துளை போட்டு, உள்ள போயி அந்தத் தசைய மட்டும் கீறி விடணும்."

"அவருக்கு அறுபத்தெட்டு வயசாகுதுங்க டாக்டர்," என்றாள் அவள்.

"வயசுக்கு ஆப்பரேஷன் பண்றதில்லம்மா, தசைக்குத்தான் பண்றோம். இருதயம் தாங்குமா, நுரையீரல் தாங்குமான்னு பாத்தாச்சு. தாங்கும். ரெண்டு பேருல யாருக்கு எவ்வளவு குணம் கெடைக்கும்னு மட்டும் இப்பவே சொல்ல முடியாது."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே பண்ணிருங்களேன்."

"பாத்துக்க வீட்டுல யாரு இருக்கா?"

"நாந்தான்."

"அப்ப ஒருத்தர் தேறுனதும் இன்னொருத்தர். யாரு முதல்லன்னு பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

பேசி முடிவு பண்ணுவது என்ன பெரிய காரியம் என்றுதான் அவள் நினைத்தாள். வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கணவர் சொல்லிவிட்டார்.

"பாப்பா போகட்டும். வாழ வேண்டிய புள்ள."

"அப்பா போகட்டும். விடிய விடிய புரையேறி இருமுறாரு. நான் தாங்குவேன்."

"நான் தாங்குனதுல பாதிகூட நீ தாங்கல."

"அதான் சொல்றேன். நீங்க தாங்குனது போதும்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அப்பன் மகள் பாசம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாத்தனார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அந்த மாதம் போய் அடுத்த மாதமும் அதே பேச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். இவர் போனை மகளிடம் நீட்டுவார், மகள் அப்பாவிடம் நீட்டுவாள். நடுவில் ஒரு பஸ் கம்பெனி சீட்டுகள் மொத்தமாக வந்து இறங்க, இந்த வேலை முடியட்டும் என்றார்கள். அது முடிந்ததும் மழை முடியட்டும் என்றார்கள். மழையும் முடிந்தது. மகளின் தோள்பட்டை எலும்பு ஜாக்கெட்டுக்கு வெளியே துணி மாட்டுகிற கொக்கி மாதிரி தெரிய ஆரம்பித்தது. அவருக்கு மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டார். அவள் யாரிடம் போய் என்ன சொல்வாள்? அவரைப் போ என்றால் பெற்ற பிள்ளையைப் பின்னால் தள்ளியதாகும். மகளைப் போ என்றால் அவர் கதை முடிந்தது என்று அவளே எழுதிக் கொடுத்ததாகும். மிக்ஸியை ஓடவிட்டாள். சந்துக்குப் போய் வந்தாள்.

அந்தச் சந்தில்தான் மாட்டிக்கொண்டாள். தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்ததால் நாத்தனார் சந்து வழியாக வந்தாள். அவள் அப்போதுதான் முட்டையைப் பாதி கடித்திருந்தாள்.

நாத்தனார் நின்றாள். தட்டைப் பார்த்தாள், முட்டையைப் பார்த்தாள், அவள் வாயைப் பார்த்தாள்.

"முட்டையா?"

 அவளால் வாயில் இருப்பதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"அங்க ரெண்டு சீவன் தொண்டையில எச்சில் எறங்காம கெடக்கு. இங்க மகராசி நின்னுக்கிட்டு முட்டை முழுங்குறா. எப்படிம்மா எறங்குது உனக்கு?"

"அண்ணி..."

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? வா, அவங்ககிட்டயே வந்து சொல்லு."

விடுவிடுவென்று நாத்தனார் முன்னே போக, திருடி மாதிரி அவள் பின்னே போனாள். கடையில் கணவர் ஃபோம் வெட்டிக்கொண்டிருந்தார். மகள் மெஷினில் இருந்தாள். நாத்தனார் கண்டதைக் கண்டபடி, கொஞ்சம் கூட்டியும் சொன்னாள். இரண்டு முட்டை என்றாள்.

கணவர் கத்தியை நிறுத்தவில்லை. நீளக் கத்தியால் ஃபோமைக் கோடு பிசகாமல் கடைசிவரை வெட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றார்.

"என்ன தெரியும்?"

"அவ அங்க சாப்பிடுறது. கடைக்காரர்கிட்ட நாந்தான் சொல்லி வெச்சேன். முன்னாடி வெச்சுக் குடுக்காத, கூச்சப்படுவா, பின்னாடி ஜன்னல் வழியா குடுன்னு."

"எனக்கும் தெரியும் அத்த," என்றாள் மகள். "வரும்போது கிராம்பு வாசம் வரும்."

 சந்தில் கடித்த முட்டை இப்போதுதான் நெஞ்சில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. அவமானம் ஒரு நொடிதான். பின்னாலேயே கோபம் வந்தது. இத்தனை நாள் சந்துச் சுவரைப் பார்த்துத் தின்றது, வாய் கொப்பளித்தது, கிராம்பு கடித்தது எல்லாமே எல்லாருக்கும் தெரிந்த நாடகமாம். மூன்று பேர் வீட்டில் மூன்று பேரும் மூன்று பக்கம் திரும்பி நின்று ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மதியம் சமைத்தாள். அரைப்பதற்காகச் சமைக்கவில்லை. சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் பொலபொலவென்று வடித்தாள். புளி கரைத்துக் கெட்டியாக ஒரு குழம்பு. உருளைக்கிழங்கை விரல் விரலாக நறுக்கி, தோல் சிவக்கும்வரை வறுத்தாள். எத்தனையோ மாதமாக அந்த வீட்டில் எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டதில்லை. வாசம் திரையைத் தாண்டிக் கடைக்குப் போய், சொல்யூஷன் வாடையை அமுக்கிக்கொண்டு நின்றது. மெஷின் சத்தம் ஒருமுறை தயங்கி மறுபடி ஓடியது.

இரண்டு பேருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தாள். பிறகு ஒரு தட்டு நிறையச் சோறு போட்டு எடுத்து வந்து, புதுத்துணி போட்டுத் தயாராக நின்ற ஒரு பஸ் சீட்டில் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

கணவர் பார்த்தார். மகள் குனிந்துகொண்டாள். வறுவல் அவள் பல்லில் கடிபடுகிற சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.  ஆனாலும் நிறுத்தவில்லை.

"மொறுமொறுன்னு இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"இருக்கு."

"குழம்பு?"

"ஒரு கல்லு உப்பு கம்மி."

"புளி தூக்கலா இருக்குறப்ப அப்படித்தான் தெரியும்," என்றார், தின்றுகொண்டிருப்பவர் மாதிரி.

"அம்மா, இது என்ன வேல?" என்றாள் மகள்.  "எங்களப் பாக்க வெச்சு..."

"ஆமா. பாருங்க. இனிமே நான் சந்துக்குப் போறதா இல்ல. தினமும் இங்க உக்காந்துதான் திங்கப் போறேன். பாக்க முடியலேன்னா போயி ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டு வாங்க. நீ போ நீ போன்னு ஒருத்தருக்கொருத்தர் வழி விடுறேன்னு சொல்லி, ரெண்டு பேரும் வாசல்லயே நின்னு அடைச்சுக்கிட்டு இருக்கீங்க. இது பாசமா? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. என்ன பயம்?"

மெஷின் நின்றது.  கணவர் டம்ளரைக் கையில் எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார்.

"சாவுக்குப் பயமில்லம்மா," என்றார். "இப்ப ஆப்பரேஷன்னு ஒண்ணு பாக்கி இருக்கு. இன்னிக்கு எறங்கலேன்னாலும், சரி, அது ஒண்ணு இருக்கேன்னு நெனைச்சுக்கிட்டு நாற்காலியில போயி உக்காந்துக்குறேன். அதையும் பண்ணி, அப்பவும் எறங்கலேன்னு வெச்சுக்கோ. அப்புறம் எத நெனைச்சுக்கிட்டு உக்காருறது?"

அவள் கை தட்டிலேயே நின்றது. முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர். பாப்பா போகட்டும், பாப்பா போகட்டும் என்று இத்தனை மாதம் சொன்னதற்குள் இது இருந்திருக்கிறது.

"அதனாலதான் உங்கள முதல்ல போகச் சொல்றேன்," என்றாள் மகள். "எனக்குப் பண்ணி ஒண்ணும் ஆகலேன்னா, நீங்க ஆஸ்பத்திரி இருக்குற தெருப்பக்கமே எட்டிப் பாக்க மாட்டீங்க."

அது சரிதான். ஆனால் மகளுக்குத் தெரியாத இன்னொன்று அவளுக்குத் தெரிந்தது. பாப்பாவுக்கு நன்றாக ஆகிவிட்டாலும் இவர் போக மாட்டார். 'புள்ளைக்குச் சரியாயிருச்சு, எனக்கு அது போதும்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். எல்லாரும் அதைத் தியாகம் என்பார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவருக்கு நழுவ வழி இருந்தது. அதை அடைக்க ஒரே வழிதான்.

"அப்பாதான் முதல்ல," என்றாள்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மாதம் அவள் கேட்டது இதைத்தான். இருந்தும் அந்த முகத்தில் ஏதோ ஒன்று சட்டென்று அணைந்தது. "சரி," என்று மெஷின் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு அவள் தைத்த மடிப்பு கோணிக்கொண்டு போக, பிரித்து மறுபடி தைத்தாள்.

நாத்தனார் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "பழுத்த இலை உதிர்ந்தா உதிருது. குருத்து வாடுறத எந்தத் தாயாவது பாத்துக்கிட்டு இருப்பாளா? ஊரு ஒலகத்துல கேட்டுப் பாரு."

"அண்ணி, அது உங்க தம்பி."

"தம்பிதான். அதுக்காக நியாயம் இல்லாமப் போயிருமா?"

 மகள் எதிர்த்துப் பேசவில்லை, அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. குடித்த டம்ளரை அம்மா கையில் கொடுக்காமல் தானே கழுவி வைக்க ஆரம்பித்தாள் பாப்பா. ஒருநாள் தலை வாரிவிடும்போது சீப்போடு கொத்தாக முடி வந்தது. அவள் அதைக் காட்டாமல் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்மா, கொட்டுதுன்னு. மறைக்காத."

"பாப்பா..."

"அப்பா முதல்லன்னு நான் சொன்னேன்தான். நீ சரின்னு சொல்லுவேன்னு நெனைக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். சீப்பை வாங்கி மிச்சத்தைத் தானே வாரிக்கொண்டாள்.

அவருக்கு அறுவை நடந்த அன்று இருவரும் ஆஸ்பத்திரி நடைவழியில் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து முகத்துணியை இறக்கி, நல்லபடியாக முடிந்தது என்றார். மறுநாள் அவருக்கு ஒரு மூடித் தண்ணீர் கொடுத்தார்கள். வாயில் வாங்கியவர் பழக்கத்தில் முதுகை நிமிர்த்தினார், தாடையைத் தூக்கினார், காத்திருந்தார். பிறகு கண்ணை உருட்டி அவளைப் பார்த்தார்.

"என்னங்க, நிக்குதா?"

"இல்ல. போயிருச்சு." யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம். "சொல்லாம கொள்ளாம போயிருச்சு."

சிரிக்கப் போனவர் தையல் வலிக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அதோடு அடுத்து பாப்பா என்று போயிருந்தால் தேவலை. வீடு வந்தவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. வயதான உடம்பு, தேற நேரம் எடுத்தது. மகளின் முறை ஒருதரம் தள்ளிப் போயிற்று. மறுபடியும் தள்ளிப் போயிற்று. பஸ் கம்பெனியிலிருந்து மறுபடி வந்த வேலையை ஒற்றை ஆளாகத் தைத்துக்கொண்டிருந்த பாப்பா, ஒருநாள் காலை மெஷின்மேலேயே சாய்ந்து விழுந்தாள். அம்மா ஓடிப்போய்த் தூக்கியபோது கனமே இல்லை. ரெக்சின் சுருளைத் தூக்குவதற்குக்கூட இதைவிட அதிகம் மூச்சுப் பிடிக்க வேண்டும். 'நான் செய்த வேலை' என்று அப்போது நினைத்தாள். அதன் பிறகு தினமும் நினைத்தாள்.

மகளுக்குச் சத்து ஏற்றித் தேற்றி அறுவை செய்தார்கள். அதுவும் நல்லபடியாகத்தான் முடிந்தது. முதலில் நன்றாகவே இறங்கியது. குழைந்த சோறு இறங்கியது, ரொட்டியை நனைத்துத் தின்றாள், கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்தது. சில மாதம் கழித்து ஒருநாள் சாப்பிடும்போது எழுந்து நின்று தாடையைத் தூக்கினாள். அம்மா பார்த்ததைக் கவனித்துவிட்டு, "கழுத்து சுளுக்கு," என்றாள். அடுத்த வாரமும் கழுத்து சுளுக்கியது.

டாக்டரம்மா மறுபடி படம் எடுத்துப் பார்த்தார். "சின்ன வயசுல தசை முறுக்கா இருக்கும். சில பேருக்குக் கீறி விட்டாலும் திரும்ப இறுகும். அப்பாவுக்கு அந்த முறுக்கு இல்ல, நல்லா விட்டுக் குடுத்துருச்சு. இவங்களுக்கு உள்ள பலூன் விட்டு விரிச்சுப் பாக்கலாம். ஒருதரத்துல சரியாகலாம், மறுபடியும் தேவைப்படலாம்."

அதைக் கேட்டு வந்த நாளிலிருந்து கணவர் சோற்றைத் தொடவில்லை. எனக்கும் டம்ளரிலேயே கொடு என்றார். எல்லாம் இறங்குகிற மனிதர், அரைத்ததைக் குடித்துவிட்டு எழுந்து போனார். மூன்றாம் நாள் மகள் அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினாள்.

"அப்பா, நீங்க பட்டினி கெடந்தா எனக்கு எறங்கிருமா?"

"இல்ல பாப்பா... ஒன் முன்னாடி எப்படி..."

"அம்மா எப்படித் தின்னுச்சு? அதே மாதிரி. இங்கயே உக்காந்து. நீங்களாச்சும் நல்லாத் திங்கலேன்னா, நான் பின்னாடி நின்னதுக்கு என்ன அர்த்தம்?"

அவர் தட்டை வாங்கிக்கொண்டு சாப்பிட்டார். மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டார்.

பலூன் வைக்கிற அன்று காலை, அவளும் மகளும் மறுபடி அதே நடைவழியில் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். மகள் ஆஸ்பத்திரி உடுப்பில் இருந்தாள். முதுகுப் பக்க முடிச்சை அம்மா போட்டுவிட்டாள்.

"அம்மா."

"என்ன பாப்பா?"

"அன்னிக்கு நீ என்னை முதல்ல அனுப்பிருந்தாலும் எனக்கு இப்படித்தான் ஆயிருக்கும்ல?"

"டாக்டரம்மா அப்படித்தான் சொல்றாங்க."

"அதப் பாத்துட்டு அப்பா போயிருக்க மாட்டாரு."

"மாட்டாரு."

 "அப்ப நீ சொன்னதுதான் சரி," என்றாள் மகள். "ஆனாலும் எனக்குக் கோவந்தான். இப்பவும் கோவந்தான்."

"இருக்கட்டும்."

"எப்பப் போகும்னு தெரியல."

"இருந்துட்டுப் போகட்டும் பாப்பா."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். எழுந்தவள், இருவருக்கும் நடுவில் இருந்த அம்மாவின் பையை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள். அப்பா வந்தால் உட்காரட்டும் என்று வைத்தாளா, சும்மா வைத்தாளா, தெரியவில்லை.

பலூன் வைத்ததில் வழி கொஞ்சம் கிடைத்தது. முழுசாக இல்லை. இப்போது அந்தக் கடையில் மதியம் மெஷினை நிறுத்திவிட்டு, வெட்டுகிற பலகையைத் துடைத்துவிட்டு, மூன்று பேரும் ஒன்றாக உட்காருகிறார்கள். கணவருக்குத் தட்டு காலியாவதற்கு நேரமாவதில்லை, தொப்பைகூட வைத்துவிட்டது. மகளுக்கு ஒரு தட்டுச் சோறு இறங்க ஒரு பொழுது ஆகும். அதுவரை யாரும் எழுந்திருப்பதில்லை. கை காய்ந்து சோறு விரலில் ஒட்டிக் கிடக்க, வேலைப் பேச்சு பேசிக்கொண்டிருப்பார்கள்.

"அந்த ஆஸ்பத்திரி பெஞ்சு ஆர்டருக்கு," என்று மகள் ஆரம்பித்தாள் ஒருநாள், "நீலத்துல எடுத்தோம்னா..."

பாதியில் நிறுத்தினாள். முதுகு நிமிர்ந்தது. தாடை லேசாக உயர்ந்தது. வாசல் பக்கம் பார்த்தபடி அசையாமல் இருந்தாள்.

கணவர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டார். மகளின் கழுத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது. அம்மாவின் வாயில் ஒரு கவளம் இருந்தது. மெல்லவில்லை. வெளியே ஒரு வண்டி மணியடித்துக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது. ஃபோம் அட்டையில் ஒரு ஈ உட்கார்ந்தது, பறந்தது, மறுபடி உட்கார்ந்தது.

"போயிருச்சு," என்றாள் மகள். "நீலத்துல எடுத்தோம்னா ஒரு சுருள் பத்தாதுப்பா. இன்னொண்ணு சொல்லணும்."

அதன் பிறகுதான் அம்மா தன் வாயில் இருந்ததை விழுங்கினாள்.